பாட்டியின் போனில் பையன் என்ன பார்க்கிறான்?

கேள்வி கேட்டவர் முருகேஷ்பாளையாவில் இருக்கும் ஒரு அப்பா. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பையனுக்கு 11 வயது. பள்ளி விட்டு வந்ததும் சாயந்திரம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பாட்டியோடு இருப்பான். கையில் பாட்டியின் போன். போன வாரம் தற்செயலாக அந்தப் போனின் பிரவுசர் ஹிஸ்டரியைப் பார்த்தால் ஆபாசத் தளங்களின் பெயர்கள் நாலைந்து இருந்தனவாம். "கோபத்தில் அறைந்துவிட்டேன். இப்போது அவன் என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக பிளாக் செய்கிற ஆப் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்கிறார்.

அப்படி ஒரு ஆப் இல்லை. இருக்கிறது என்று சொல்லி வருடச் சந்தா வாங்குகிறவர்கள் உண்டு, அது வேறு விஷயம். பெங்களூரில் பதினைந்து வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். நடுவில் நான்கு வருடம் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேபைக் கட்டி மேய்த்திருக்கிறேன். அங்கே நான் போட்ட பூட்டுகளில் பிள்ளைகள் திறக்காத பூட்டு ஒன்றுகூட இல்லை. அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்தப் பூட்டு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்து போட வேண்டும். அதற்கும் முன்னால், அந்தத் தளம் பையன் கைக்கு எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

அல்சூரில் என் அக்கா வீட்டில் இதே கதை நடந்தது. அவள் பையனுக்கு அப்போது பத்து வயது. அக்கா போன் செய்து அழுதாள். நான் போய் உட்கார்ந்து, எதையும் அழிக்காமல், அந்தப் போனின் கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தைத் திறந்தேன். அதில் நிமிடக் கணக்கோடு வரிசையாக இருக்கும். 4:52க்கு ஒரு புதுப்படத்தின் பெயர், பக்கத்தில் 'டவுன்லோட்' என்ற சொல். 4:53க்கு திருட்டுப் படம் கொடுக்கும் ஒரு தளம். அதே 4:53க்கு வாயில் நுழையாத பெயரில் மூன்று முகவரிகள். 4:54க்கு ஆபாசத் தளம். 4:55க்கு கிரிக்கெட் ஸ்கோர்.

நடந்தது இதுதான். திருட்டுப் பட தளங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு டவுன்லோட் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் படம் வராது, விளம்பரம் திறக்கும். அந்த விளம்பரத்தில்தான் அந்தத் தளமே பிழைக்கிறது. நல்ல கம்பெனிகள் அங்கே விளம்பரம் தராது. வருவதெல்லாம் சூதாட்டமும் ஆபாசமும்தான். பையன் திறந்தான், பயந்தான், மூடினான், ஸ்கோர் பார்த்தான். சரி, அந்தத் தளத்தை அந்தப் போனுக்கு முதலில் அறிமுகம் செய்தது யார்? எங்கள் மாமாதான், பையனின் அப்பா. தீபாவளிப் படத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று. அதைச் சொன்னபோது மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் மறுநாள் 5:10க்கு அதே ஆபாசத் தளத்தின் முகவரி மறுபடியும் இருந்தது. இந்த முறை நடுவில் சினிமாவும் இல்லை, பட்டனும் இல்லை. அவனே தேடிப் போயிருக்கிறான். முதல் நாள் கதவு தானாகத் திறந்துகொண்டது, இரண்டாம் நாள் அவன் எட்டிப் பார்த்தான். 'பாவம், ஒன்றும் தெரியாத பிள்ளை' என்பதும் சரியில்லை, 'இந்த வயசிலேயே கெட்டுப்போய்விட்டான்' என்பதும் சரியில்லை.

அதனால் உங்கள் பையனிடம் 'ஏன் பார்த்தே?' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் அவனிடமும் இல்லை, தலையைக் குனிந்துகொள்வான். 'எப்படி வந்துச்சுன்னு எனக்குக் காட்டு' என்று கேளுங்கள். லேபில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். 'எப்படி' என்று கேட்டால் பிள்ளைகள் கொட்டிவிடுவார்கள். எந்தப் பட்டன், எந்த நண்பன் அனுப்பிய லிங்க், எந்த கேமுக்கு நடுவில் வந்த விளம்பரம் எல்லாம் வரும். அதற்கு முன்னால் அறைந்ததற்கு மன்னிப்பு கேட்டுவிடுங்கள். அப்பா மகனிடம் மன்னிப்பு கேட்பதா என்று உங்கள் அம்மா முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும். நாளைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வந்தால் அவன் உங்களிடம் வருவானா, மாட்டானா என்பது இந்த வாரத்தில் முடிவாகிறது. அந்தப் பெரிய சிக்கல் என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது பூட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டில் முதல் ஓட்டை பிரவுசரில் இல்லை, வயசில் இருக்கிறது. அந்தப் போனில் உள்ள கூகுள் கணக்கு உங்கள் அம்மாவுடையது. கூகுளைப் பொறுத்தவரை சாயந்திரம் நாலரை மணிக்கு அந்தப் போனில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருப்பது அறுபது தாண்டிய ஓர் அம்மாள். அவர் எதையும் பார்க்கலாம், எதையும் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்காக இந்தக் கம்பெனிகள் செய்திருக்கும் பாதுகாப்பெல்லாம் கணக்கில் இருக்கும் பிறந்த தேதியைப் பார்த்துத்தான் வேலை செய்யும். நம் வீடுகளில் ஒன்று, பிள்ளை பெரியவர்களின் போனில் இருக்கிறது; இல்லாவிட்டால் '13 வயது ஆகவில்லை' என்று ஏதோ ஓர் ஆப் மறுத்தபோது நாமே 2000 என்று வருடம் போட்டுக் கொடுத்துவிட்டோம். பொய்யை ஆரம்பித்து வைத்தது நாம்தான்.

அதனால் அவன் பெயரில், அவனுடைய உண்மையான பிறந்த தேதியோடு, ஒரு கூகுள் கணக்கு திறங்கள். 13 வயதுக்குக் கீழே என்றால் கூகுளே பெற்றோர் கணக்கோடு இணைக்கச் சொல்லும். அதற்கான ஆப் ஃபேமிலி லிங்க், காசு கிடையாது. உங்கள் போனில் அதைப் போட்டுக்கொண்டால் அவன் எந்த ஆப் இறக்க முயன்றாலும் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். நீங்கள் சரி என்றால்தான் இறங்கும். குரோமில் ஆபாசத் தளங்களைத் தடுக்க முயலும் வசதி உண்டு. அதைவிடக் கடுமையாக, நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும்படியும் வைக்கலாம். அந்தக் கணக்கில் ஹிஸ்டரியில் பதியாமல் பார்க்கும் இன்காக்னிட்டோ திறக்காது, கூகுள் தேடலில் ஆபாச முடிவுகளை வடிகட்டும் சேஃப்சர்ச் தானாகவே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். ஐபோன் வீடு என்றால் இதே வேலையை ஸ்கிரீன் டைம் செய்யும். அதில் கன்டென்ட் அண்ட் பிரைவசி என்ற பகுதிக்குள் அடல்ட் தளங்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதன் பாஸ்கோடு பையனின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம்.

பாட்டி போனில் இதையெல்லாம் செய்ய முடியாதா என்றால், நான் முயன்று கைவிட்டேன். பாட்டிக்கு அது சீரியலும் ஊர் உறவுகளின் வீடியோ காலும். இரண்டு பேருக்கும் ஒரே போன் ஒத்துவராது. என் அக்கா பையன், பாட்டி மத்தியானம் அசந்து தூங்கும்போது, அவர் கட்டை விரலை மெதுவாக எடுத்துப் போனில் வைத்துத் திறந்துகொண்டிருந்தான். எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்குங்கள், சிம் போடாதீர்கள், வீட்டு வைஃபையில் மட்டும் ஓடட்டும், அதில் அவன் கணக்கு மட்டும் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு 9க்குக் கீழே வாங்காதீர்கள், காரணம் கொஞ்சம் கீழே வரும். பாட்டி போனுக்கு வேறு பின் நம்பர். கைரேகையை எடுத்துவிடுங்கள்.

யூடியூப். 'குழந்தைகள் வீடியோதானே, ஓடட்டும்' என்று விட்டுவிடுவது சரியில்லை. 2017இல் உலகம் முழுவதும் பெரிய சர்ச்சை ஆனது நினைவிருக்கலாம். பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரங்களை வைத்தே வன்முறையும் விகாரமுமாக ஆயிரக்கணக்கான வீடியோக்கள் போட்டு, பார்வைக் கணக்கில் காசு பார்த்தார்கள். அதன் பிறகு யூடியூப் நிறைய நீக்கியது, விதிகளை இறுக்கியது. 2019இல் பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததற்காக அமெரிக்காவில் 17 கோடி டாலர் அபராதமும் கட்டியது. இப்போது சிறு பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் இருக்கிறது, அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் ஓடும்படி வைக்கலாம். பதினொரு வயதுப் பையன் அதைப் பார்த்து 'இது பாப்பாங்களுக்கு' என்று தூக்கிப் போட்டுவிடுவான். அவனுக்கு ஃபேமிலி லிங்க் வழியாகவே மேற்பார்வையிடும் யூடியூப் கணக்கு கொடுக்கலாம். அதில் 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல் என்று படிகள் உண்டு. 9க்கு மேல் என்ற படியில் ஆரம்பியுங்கள். ஒரு விஷயம் என் அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த வடிகட்டிகள் ஆங்கிலத்தைப் பிடிக்கிற அளவுக்குத் தமிழைப் பிடிப்பதில்லை. தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் தட்டினால் இன்னும் மோசம். நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழ், கன்னடம், இந்தி மூன்றையும் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

அடுத்தது வீட்டு வைஃபை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செலவே இல்லாமல் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது. நம் ஏரியாவில் ஒரு வீடு தேட வேண்டுமானால் 'நாலாவது கிராஸ், ஏழாவது மெயின்' என்று சொல்லிக்கொண்டு முனைக் கடைக்காரரிடம் கேட்போம் அல்லவா? இணையத்திலும் அப்படி ஒரு முனைக் கடைக்காரர் இருக்கிறார். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைச் சொல்வார். அவருக்குப் பெயர் டிஎன்எஸ். உங்கள் ஃபைபர் இணைப்பில் அந்தக் கடைக்காரர் யார் கேட்டாலும் எதற்கும் வழி சொல்லிவிடுவார். அவருக்குப் பதிலாக, 'சின்னப் பிள்ளைக்கு ஒயின் ஷாப்புக்கு வழி சொல்ல மாட்டேன்' என்கிற ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் இருந்து இலவசமாகத் தருகிறது. எண் 1.1.1.3, துணைக்கு 1.0.0.3. ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டு என்றும் ஒன்று உண்டு, அதன் எண்கள் 208.67.222.123, 208.67.220.123. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் இந்த எண்களில் ஒரு ஜோடியைப் போட்டால் போதும், வீட்டு வைஃபையில் இருக்கும் போன், டேப், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ரௌட்டரில் ஐபிவி6 (எண் முகவரியின் புதிய முறை) ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு 'நான் போட்டேன், வேலை செய்யவில்லை' என்பார்கள்.

ரௌட்டரைத் தொடப் பயமாக இருந்தால் அந்தப் பழைய போனில் மட்டும் செய்யலாம். ஆண்ட்ராய்டு 9இலும் அதற்கு மேலும் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று இருக்கும். அதில் ஃபேமிலி, ஒரு புள்ளி, கிளவுட்ஃபிளேர், ஒரு சிறு கோடு, டிஎன்எஸ், ஒரு புள்ளி, காம் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். இது மொபைல் டேட்டாவிலும் வேலை செய்யும், ரௌட்டரில் போட்டது செய்யாது.

இந்தக் கடைக்காரர் எங்கே தோற்பார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவர் கட்டடத்துக்கு வழி சொல்ல மறுக்கலாம், கட்டடத்துக்குள் எந்த அறை என்பது அவருக்குத் தெரியாது. எக்ஸ், ரெடிட், டெலிகிராம் எல்லாம் ஒரே கட்டடம், உள்ளே ஆயிரம் அறை. ஒரு அறையில் கிரிக்கெட், அடுத்த அறையில் ஆபாசம். எக்ஸ் தளம் 2024இல் பெரியவர்களுக்கான படங்களை விதியிலேயே எழுதி அனுமதித்துவிட்டது. இவற்றை டிஎன்எஸ் தடுக்காது; ஆப்பையே அனுமதிக்காமல் இருப்பதுதான் வழி. இந்தக் கடைக்காரரைக் கேட்காமலே வேறு வழியாகக் கூட்டிப்போகும் விபிஎன் ஆப் ஒன்று இறங்கினால் எல்லாப் பூட்டும் போச்சு. அதனால்தான் 'ஆப் இறக்க என்னைக் கேள்' என்ற ஃபேமிலி லிங்க் வசதியை முதலில் சொன்னேன். அரசாங்கமே தடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்களைத் தடுக்கச் சொன்னார்கள். சில நாட்களிலேயே வேறு பெயரில் முளைத்துவிட்டன.

வாட்ஸ்ஆப்புக்கு 13 வயது ஆக வேண்டும். ஆனால் வகுப்பு குரூப், டியூஷன் குரூப் என்று எல்லாம் பாட்டி நம்பரில்தான் வருகிறது என்பது எனக்கும் தெரியும். இரண்டே மாற்றம் செய்யுங்கள். பிரைவசியில் குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதற்கு 'மை கான்டாக்ட்ஸ்'. சாட்ஸ் பகுதியில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைப்பது. பெரியவர்களின் பழைய நண்பர்கள் குரூப்பில் விடிகாலை வந்து விழும் சமாச்சாரம் கேலரியில் போய் உட்கார்வது இந்த ஒரு பட்டனால்தான். பிள்ளை குடும்பக் கல்யாணப் போட்டோ தேடிக் கேலரியைத் திறக்கும், கண்ணில் படுவது வேறாக இருக்கும். உங்கள் போனையும் பாருங்கள். இன்ஸ்டாகிராம் 11 வயதுக்கு வேண்டவே வேண்டாம். 13க்குப் பிறகு டீன் அக்கவுன்ட் என்று ஒன்று இருக்கிறது, இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்தது. அதுவும் உண்மையான வயசைச் சொன்னவர்களுக்கு மட்டும்தான்.

பெரிய சிக்கல் என்று மேலே சொன்னேன் அல்லவா. ஆபாசத் தளம் இல்லை அது. தளத்துக்கு உங்கள் பையன் யார் என்று தெரியாது. அவனைத் தெரிந்துகொள்ள விரும்புகிற ஆள்தான் ஆபத்து. பிள்ளைகள் விளையாடும் கேம்கள் பலவற்றில் சாட் இருக்கிறது, மைக் இருக்கிறது. வருகிறவன் எடுத்த எடுப்பில் அசிங்கமாகப் பேச மாட்டான். 'சூப்பரா விளையாடுறே ப்ரோ' என்பான். கேமுக்குள் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின், கொஞ்சம் டைமண்ட் பரிசாக அனுப்புவான். இரண்டு வாரம் கழித்து 'இங்கே லேக் ஆகுது, டெலிகிராமுக்கு வா' என்பான். வீட்டில் யார் இருப்பார்கள், அப்பா எத்தனை மணிக்கு வருவார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பான். 'இது நமக்குள்ள இருக்கட்டும்' என்பான். அப்புறம் ஒரு போட்டோ கேட்பான். போட்டோ போனதும் குரல் மாறிவிடும். 'இன்னொன்று அனுப்பு, இல்லாவிட்டால் உன் கிளாஸ் குரூப்பில் போடுவேன்' அல்லது 'பணம் அனுப்பு'. உங்கள் பிள்ளைக்கு இந்த வரிசையைக் கதை மாதிரி சொல்லுங்கள். 'பரிசு கொடுத்துவிட்டு வேறு ஆப்புக்குக் கூப்பிடுகிறவன்' என்பதை அவன் அடையாளம் கண்டால் போதும், மற்றது தானாகப் புரியும்.

அப்படி எதாவது நடந்துவிட்டால்? பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் மறுபடியும் கேட்பான். சாட்டை அழிக்காதீர்கள், மிரட்டல், ஐடி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். நம் பெங்களூரில் டிவிஷன் வாரியாக சென் காவல் நிலையங்கள் இருக்கின்றன. சைபர், பொருளாதாரக் குற்றம், போதைப்பொருள் மூன்றுக்கும் சேர்த்த பெயர் அது. கன்னடம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். படம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், 18 வயதுக்குக் கீழே இருக்கும்போது எடுத்த படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற சேவை இருக்கிறது. காணாமல் போன பிள்ளைகளுக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று 2023இல் தொடங்கியது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண் உருவாகும், அந்த எண்ணை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி எடுத்துவிடும்.

இங்கே பெரியவர்கள் செய்யும் ஒரு தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையின் படம் என்று 'ஆதாரத்துக்காக' மாமாவுக்கு, சித்தப்பாவுக்கு, தெரிந்த வக்கீலுக்கு ஃபார்வர்டு செய்வது. யாரோ ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் வீடியோவை 'குற்றவாளி பிடிபடும் வரை ஷேர் செய்யவும்' என்று குரூப்பில் போடுவது. எண்ணம் நல்லதாக இருக்கலாம், ஆனால் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தபோது, இப்படிப்பட்ட படங்களை வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று தெளிவாக்கியது. 'குழந்தை ஆபாசம்' என்ற சொல்லையே விடுங்கள், அது குழந்தை மீதான பாலியல் சுரண்டல் என்றும் சொன்னது. பார்த்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள், புகார் செய்யுங்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அப்படி ஒரு குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுகூடத் தப்பு.

அடுத்து, பையனுக்குத் தெரியாமல் அவன் மெசேஜையெல்லாம் படிக்கும் உளவு ஆப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும், எப்போதும் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்று, அந்த ஆப்காரனிடம் உங்கள் பிள்ளையின் எல்லா மெசேஜும், எல்லாப் போட்டோவும் போய்ச் சேரும். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? இரண்டு, பிள்ளை கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பிறகு அவனுடைய நிஜப் போன் நண்பன் வீட்டில் இருக்கும். ஃபேமிலி லிங்க்கையும் ஒளித்துப் போடாதீர்கள். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது உங்களுக்குத் தெரியும், எது தெரியாது என்று சொல்லிப் போடுங்கள். வேண்டுமானால் அவன் பேரம் பேசட்டும். என் அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமைக்கு அரை மணி நேரம் கூடுதலாக வாங்கிக்கொண்டான்.

கடைசியில் பேச்சு. இதுதான் நம் வீடுகளில் கஷ்டம், நமக்கு வார்த்தையே இல்லை. பள்ளியில் கன்னடம், நண்பர்களோடு ஆங்கிலம், வீட்டில் மட்டும் தமிழ். அந்த வீட்டுத் தமிழில் இந்த விஷயத்துக்கு 'சீ', 'அசிங்கம்' தவிர வேறு சொல் அவன் கேட்டதில்லை. உடல் உறுப்புகளின் பெயரைச் சாதாரணமாகச் சொல்லப் பழகுங்கள், ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள், இதில் மொழிப்பற்று வேண்டாம். நான் அக்கா பையனிடம் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான்: "சினிமாவுல ஹீரோ பத்து பேரை அடிக்கிறானே, நிஜத்துல முடியுமா? அதே மாதிரிதான் அதுவும். காசுக்காக நடிச்சு எடுக்கிறது. சில சமயம் யாரையாவது கட்டாயப்படுத்தி எடுத்தது. உனக்கு ஆர்வம் வர்றது தப்பில்ல. உடம்பு பத்தி என்ன சந்தேகம்னாலும் என்கிட்ட கேளு, எனக்குத் தெரியலன்னா டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். மறுபடி தானா திறந்துக்கிச்சுன்னா மூடிட்டு வந்து சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்." அந்தக் கடைசி வரிதான் அவனுக்கு முக்கியம். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் முக்கால்வாசிப் பிள்ளைகள் சொல்லாமல் இருக்கிறார்கள். சொன்னதும் பிடுங்காதீர்கள், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவனால் விட முடியவில்லை, தூக்கம், படிப்பு கெடுகிறது, எரிந்து விழுகிறான் என்றால் நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 'ஷட்' கிளினிக் இருக்கிறது. போன், இணையம், கேம் பழக்கத்துக்காகவே 2014இல் ஆரம்பித்தது. நிம்ஹான்ஸ் என்றதும் பயப்படாதீர்கள். உங்கள் பையனுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். நாலைந்து தளம் பார்த்த பையன் நோயாளி இல்லை.

டிவியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்மார்ட் டிவியில் பிரவுசர் இருந்தால் அதை நீக்குங்கள், ஓடிடியில் உங்கள் புரொஃபைலுக்கு பின் நம்பர் போடுங்கள். மாதம் ஒரு முறை நீங்களே உட்கார்ந்து ஒரு தளத்தைத் தட்டி, தடுக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் நெட் வரவில்லை என்று கூப்பிட்டால் ஃபைபர்காரர் வந்து முதலில் செய்வது ரௌட்டரை ரீசெட் செய்வதுதான். நீங்கள் போட்ட 1.1.1.3 அதோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. போகும்போது ரௌட்டரின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டிவிட்டும் போவார். முதல் வேலையாக அதைக் கிழித்துவிடுங்கள்.